செய்திக்கும் சட்டத்துக்கும் நடுவே: ஒரு வரலாற்று மாணவியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பெண்களின் சொத்துரிமையைப் பற்றித் தமிழ் இதழ்கள் என்ன எழுதின என்பதை ஆய்வேட்டுக்காகத் திரட்டிவருகிறேன். இந்த வேலையில் இறங்கியது முதல், துறையில் இளநிலை படிக்கும் தங்கைகளும் தம்பிகளும், வீட்டுப் பெரியவர்களும், தெருவில் உள்ளவர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

பத்திரிகையில் எழுதினால் சமூகம் மாறிவிடுமா?

எழுதியவர்கள் அந்த எழுத்தின்படி நடக்கவும் துணிந்தபோது மாறியிருக்கிறது. 1882-இல் சுதேசமித்திரனைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், சிறுவயதிலேயே கணவனை இழந்த தம் மகளுக்கு 1889-இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். சொந்தச் சாதியாரின் விலக்குக்கு அஞ்சாமல் செய்த அந்தத் திருமணம், கைம்பெண் மறுமணத்தை ஆதரிக்கும் ஆயிரம் தலையங்கங்களுக்கு ஈடானது என்றே நான் நினைக்கிறேன்.

1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைக் கொண்டுவந்தார். விலையையே பெயராகச் சூடிய அந்த இதழ், கையில் காசில்லாதவரும் வாசகரே என்று முகப்பிலேயே அறிவித்துவிட்டது. 1925 மே 2-ஆம் நாள் ஈரோட்டில் பெரியாரின் குடி அரசு தொடங்கியது. இத்தகைய இதழ்கள் எழுத்தறிந்தவர்களோடு நின்றுவிடவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. படிப்பகத்திலோ தேநீர்க் கடையிலோ ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் மறுத்துப் பேசுவார்கள், அல்லது ஏற்றுக்கொள்வார்கள். மாற்றம் அந்தப் பேச்சில்தான் தொடங்கியது.

இதழ் எழுதியதற்கும் சட்டம் வந்ததற்கும் எவ்வளவு காலம் பிடித்தது?

நான் எடுத்துக்கொண்ட பொருளில், மாநாட்டுத் தீர்மானத்திலிருந்து தமிழ்நாட்டின் சட்டம் வரை 60 ஆண்டுகள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில், டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் முதலாம் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. ஆண்களுக்கு உள்ளதைப் போலவே பெண்களுக்கும் சொத்துரிமையும் வாரிசு உரிமையும் வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகள்களுக்குச் சில உரிமைகளைத் தந்தது. ஆனால் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பினாலேயே வரும் பங்கு மகளுக்கு இல்லை என்பதை அப்படியே விட்டுவைத்தது. ஆந்திரம் 1986-இலும் தமிழ்நாடு 1989-இலும் தத்தம் மாநிலத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தன. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-இல் வந்தது.

இந்தப் பொருளை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

என் அத்தையால். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய கைப்பேசிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சிவப்பு எழுத்தில் ஒரே வரி: '1989 முதல் தமிழகப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை.' அத்தை அதை என்னிடம் நீட்டி, "எனக்கும் பங்கு உண்டாம்லா? பாத்துச் சொல்லுட்டி" என்றார். நான் அப்போது இளங்கலை மாணவி. உடனே இணையத்தில் தேடினேன். பார்த்த நான்கு தளங்களிலும் 1989 என்றே இருந்தது. "ஆமாம் அத்தை, உண்டு" என்று சொல்லிவிட்டேன். அன்று அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

பிறகுதான் சட்டத்தையே எடுத்துப் படித்தேன். அந்தத் திருத்தத்தின் 29-அ பிரிவில் நான்காவதாக ஓர் உட்பிரிவு இருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த 1989 மார்ச் 25-க்கு முன்பே திருமணமான மகளுக்கு இந்த உரிமை பொருந்தாது என்கிறது அது. அத்தைக்குத் திருமணம் ஆனது 1987 தை மாதம்.

2005-இன் திருத்தம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. திருமணம் எப்போது நடந்திருந்தாலும் மகளும் பங்குதாரரே. திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் அதற்குப் பின்னும் நீடித்தது. இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தீர்த்துவைத்தது. இதையெல்லாம் படித்து மீண்டும் நம்பிக்கை கொண்ட பிறகு கண்ணில் பட்டது, 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரத்தின் மூலம் முடிந்துவிட்ட பாகப்பிரிவினையைப் புதிய சட்டம் கலைக்காது என்னும் விதி. எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் 1996-இல் பதிவானது. தாத்தா தமக்கெனப் பங்கு எதுவும் வைத்துக்கொள்ளாமல் நன்செய் முழுவதையும் இரு மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். அந்த இருவரில் ஒருவர் என் அப்பா.

ஆக, 1989-இன் சட்டத்தில் ஒரு தேதியும் 2005-இன் சட்டத்தில் ஒரு தேதியும் அத்தைக்கு முன்னே கதவை மூடின. இரண்டு சட்டங்களும் உண்மையான சமூக மாற்றங்கள்தாம். அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் மாற்றம் வந்தது என்பதைச் செய்தி ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. அந்த மாற்றம் யாரை வெளியே நிறுத்தியது என்பதை அறிய உட்பிரிவு வரை போக வேண்டியிருக்கிறது. என் ஆய்வேடே அந்த இடத்தில்தான் பிறந்தது.

அப்படியானால் அந்த நான்கு தளங்களும் பொய் சொன்னதாகத்தானே பொருள்?

இல்லை. 1989 என்பது சரியான ஆண்டுதான். தமிழ்நாட்டின் அந்தத் திருத்தம் முன்னோடியான சட்டம் என்பதும் சரிதான். நான்கும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை என்பதை நான் கவனிக்கத் தவறினேன். நான்கு பேர் சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் ஒருவர் சொன்னதை மூவர் திருப்பிச் சொல்லியிருந்தார்கள். ஒரே எழுத்துப் பிழை நான்கிலும் அப்படியே இருந்ததைக் கண்ட பிறகே இது எனக்கு விளங்கியது. இப்போதெல்லாம் ஒரு தகவலை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, முதலில் சொன்னவர் யார் என்று தேடிப் போகிறேன்.

விக்கிப்பீடியாவை நம்பலாமா? ஆசிரியர்கள் அதை மேற்கோள் காட்டக் கூடாது என்கிறார்களே?

ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் அதைக் காட்டக் கூடாது என்பதை நான் ஏற்கிறேன். அதே வேளையில், தேடலை அங்கே தொடங்கக் கூடாது என்பதை ஏற்கவில்லை.

அது பிழைக்கு இடங்கொடுக்கும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 2005 மே மாதத்தில் அமெரிக்க இதழாளர் ஜான் சீகன்தாலரைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலையில் அவர்மீது சந்தேகம் இருந்ததாக எவரோ ஒருவர் பெயரிடாமல் பொய்யை எழுதிவைத்தார். நான்கு மாதங்கள் அது அப்படியே கிடந்தது. அதன் பிறகே, கணக்குத் தொடங்காதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரை உருவாக்குவது நிறுத்தப்பட்டது.

இருந்தாலும், வேறெந்த நோக்கீட்டு நூலும் தராத ஒன்றை விக்கிப்பீடியா தருகிறது. ஒரு கட்டுரை எப்படி உருவானது என்பதை அது மறைப்பதில்லை. 'வரலாறு' என்னும் பக்கத்தைத் திறந்தால் யார், எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது வரிவரியாக இருக்கிறது. 'பேச்சு' பக்கத்தில் அதற்கு நடந்த வாதமும் இருக்கிறது. அச்சுக் கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியர்களுக்குள்ளும் இப்படிப்பட்ட வாதங்கள் நடந்திருக்கும். நமக்கு அவை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சாதி, மொழி, போர், மதமாற்றம் போன்ற பொருள்களில் நான் கட்டுரைக்கு முன்பே பேச்சுப் பக்கத்தைப் படிக்கிறேன். எந்தச் சொல் மும்முறை மாற்றப்பட்டு மும்முறை மீட்கப்பட்டதோ அந்தச் சொல்லில்தான் சமூகத்தின் புண் இருக்கிறது.

பிறகு கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களுக்குப் போக வேண்டும். இணைப்பைச் சொடுக்கிப் பார்த்து, அங்கே அந்தத் தகவல் உண்மையிலேயே இருக்கிறதா என்று படிக்க வேண்டும். பல நேரங்களில் இருக்கும். சில நேரங்களில் இணைப்பு செத்துப்போயிருக்கும். அரிதாக, மேற்கோள் காட்டிய பக்கம் கட்டுரைக்கு நேர்மாறாகச் சொல்லும். பத்து நிமிட வேலைதான் இது. அத்தையிடம் "உண்டு" என்று சொல்வதற்கு முன்பு அந்தப் பத்து நிமிடங்களை நான் செலவிட்டிருக்க வேண்டும்.

இரண்டு நூல்கள் இரண்டு ஆண்டுகளைச் சொன்னால் எதை எடுத்துக்கொள்வது?

இரண்டும் சரியாக இருக்கக்கூடும் என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். சுயமரியாதைத் திருமணச் சட்டத்தின் ஆண்டு 1967 என்று ஒரு நூலிலும் 1968 என்று இன்னொன்றிலும் கண்டேன். பெரிய பிழையைப் பிடித்துவிட்டதாக எண்ணி, ஒரு பயிற்சிக் கட்டுரையில் முதல் நூலாசிரியரைக் கண்டித்தே எழுதிவிட்டேன். பேராசிரியர் அந்தப் பத்தியைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் 'எப்போது இயற்றியது? எப்போது நடைமுறைக்கு வந்தது?' என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். அண்ணாவின் ஆட்சியில் அது 1967-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டமாக இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 1968 ஜனவரி 20. நான் கண்டித்த ஆசிரியர் எந்தத் தவறும் செய்யவில்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

மேலே சொன்ன சொத்துரிமைத் திருத்தத்திலும் இதே சிக்கல் உண்டு: அதன் பெயரில் இருப்பது 1989, சட்ட எண்ணோ 1990-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம்.

இணையம் இருக்கும்போது பழைய அச்சுக் கலைக்களஞ்சியங்கள் எதற்கு?

அவை எழுதப்பட்ட காலத்தைத் தெரிந்துகொள்ள. தமிழில் இந்த முயற்சி நெடியது. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902-இல் வந்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் ஆண்டுக்கணக்கில் தனியொருவராக உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணியை மதுரைத் தமிழ்ச்சங்கம் 1910-இல் வெளியிட்டது. விடுதலைக்குப் பின், தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியத்தை உருவாக்கியது. 1954-இல் முதல் தொகுதி, 1963-இல் ஒன்பதாம் தொகுதி, 1968-இல் பத்தாவதாக இணைப்புத் தொகுதி. இன்றைக்கு நாம் இயல்பாக எழுதும் அறிவியல் சொற்கள் பல அந்தப் பக்கங்களில் பழகி உருவானவை.

அபிதான சிந்தாமணியைப் புரட்டினால் புராணத்தில் வரும் அரசிகளும் முனிவர்களின் மனைவியரும் நூற்றுக்கணக்கில் கிடைப்பார்கள். அது வெளிவந்த அதே நாள்களில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த முத்துலட்சுமி 1912-இல் மருத்துவரானார். பின்னர் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார். அதற்கான சட்டம் 1947-இல் நிறைவேறியது. 1910-இன் நூலில் அவரைத் தேடுவது நியாயமில்லை. ஆனால் எத்தகைய பெண்களைப் பற்றித் தெரிந்துகொள்வது கல்வியெனக் கருதப்பட்டது என்பதற்கு அந்த நூலே நேர்ச்சான்றாக நிற்கிறது.

இணையத்தில் தேடியும் கிடைக்காதவர்கள் முக்கியமில்லாதவர்கள்தானே?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் உட்கார்ந்து பேசுகிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்குக் கவலை அதிகம்.

விக்கிப்பீடியாவில் ஒருவரைப் பற்றிக் கட்டுரை இருக்க வேண்டுமானால், அவரைப் பற்றி நம்பத்தகுந்த வேறு வெளியீடுகளில், பெரும்பாலும் அச்சில், வந்திருக்க வேண்டும். பொய்யைத் தடுக்கும் நல்ல விதி அது. ஆனால் அச்சு யாரைப் பொருட்படுத்தவில்லையோ அவரை இணையமும் பொருட்படுத்தாது என்னும் விளைவும் அதற்குள் இருக்கிறது. 2018 அக்டோபரில் டோனா ஸ்ட்ரிக்லாண்டுக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட வேளையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்கு ஒரு கட்டுரை இல்லை. ஒருவர் எழுதித் தந்த வரைவை, போதிய சான்று இல்லை என்று அதே ஆண்டு மே மாதத்தில் திருப்பியிருந்தார்கள். உலகின் மிகப் பெரிய பரிசைப் பெறும் தகுதி கொண்ட பெண்ணுக்கே இந்த நிலை என்றால், நம் ஊரில் கைம்பெண்களுக்குத் தையல் கற்றுத்தந்து சங்கம் வைத்தவர்களைப் பற்றி என்ன சொல்வது!

அயோத்திதாசரே பெரிய சான்று. ஒரு பைசாத் தமிழன் அடுத்த ஆண்டே 'தமிழன்' என்று பெயர் மாறியது. 1914-இல் மறையும் வரை அவர் அதில் இடைவிடாது எழுதினார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் பொதுவாசகருக்கு அவர் பெயரே தெரியாமல் போயிற்று. எழுதியவை அழியவில்லை, பழைய இதழ்களைச் சிலர் வீட்டில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 1999-இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் நூலாக வெளியிட்டது. அதன் பின்னரே ஆய்வாளர்கள் எழுதினார்கள்; இணையத்தில் கட்டுரைகள் வந்தன; பாடப்பகுதிகள் வந்தன. நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சானது, நூற்றாண்டின் முடிவில்தான் நோக்கீட்டுக்குள் நுழைந்தது. யாரோ ஒருவர் அந்தப் பழைய தாள்களை எடைக்குப் போட்டிருந்தால் அவரும் 'இணையத்தில் கிடைக்காதவர்' ஆகியிருப்பார்.

எடைக்குப் போடாமலே அழிந்தவையும் உண்டு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அந்த மண்ணின் எழுத்துகளை எண்மப்படுத்தி எல்லோருக்கும் திறந்துவைக்க 2005-இல் 'நூலகம்' என்னும் இணையத் திட்டம் தொடங்கியது. ஒரு சிற்றூர்ப் பள்ளியின் ஆண்டு மலரைக்கூட அவர்கள் விடாமல் சேர்ப்பதைப் பார்க்கும்போது, இழந்தவர்களுக்குத்தான் தாளின் அருமை தெரியும் என்று தோன்றுகிறது. சென்னையில், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களிலிருந்து பிறந்த ஆராய்ச்சி நூலகமும் இப்படி ஒருவரின் பிடிவாதத்தால் நமக்குக் கிடைத்ததே.

பழைய இதழ் ஒன்றின் நகலைத் திரையில் முதன்முதலாகப் பார்த்த நாளை நான் மறக்க மாட்டேன். தாள் மெலிந்து, பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் நிழலாகத் தெரிந்தது. பெண்ணுக்குச் சொத்து ஏன் வேண்டும் என்று ஒரு பெண் எழுதிய கடிதம் அது. பெயரில்லை, 'ஒரு சகோதரி' என்று மட்டும் இருந்தது. அவருக்கு எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கட்டுரை எழுத முடியாது. எழுதுவதற்குப் பெயரே இல்லை.

வாட்ஸ்அப்பில் வருவதையும் ஊடகம் என்று சொல்லலாமா?

சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அது உயிரையே எடுத்திருக்கிறது. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் ஊருக்குள் வந்திருப்பதாகப் பரவிய செய்திகளை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தைக் கூட்டம் தாக்கியது. வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார்கள் என்பதே அவர்கள்மீது வந்த சந்தேகம். 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்துபோனார். அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் போதாதா?

அத்தையின் கேள்வியை ஒரு செயலியிடம் நானே கேட்டுப் பார்த்தேன். அழகான தமிழில் 1989-ஐச் சொன்னது, 2005-ஐயும் சொன்னது. திருமணத் தேதியைப் பற்றியோ பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பற்றியோ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் அந்த உட்பிரிவைக் குறிப்பிட்டதும், உடனே ஒப்புக்கொண்டு விளக்கியது. கேட்கத் தெரிந்தவருக்கு அது உதவும், அத்தைக்கு உதவியிருக்காது.

நீங்களும் விக்கிப்பீடியாவில் எழுதுகிறீர்களா?

எழுதுகிறேன். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அதன் தொடக்க காலத்திலேயே வந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதி அதற்கு அடித்தளம் போட்டார். 2017-இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. யாருக்கும் ஊதியமில்லை. புதிதாக வருகிறவர்கள் எழுதிப் பழக 'மணல்தொட்டி' உண்டு. பொதுவாகப் பேசிக்கொள்ள 'ஆலமரத்தடி' உண்டு. இந்தப் பெயர்களுக்காகவே எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று.

நான் முதலில் சேர்த்தது ஒரே ஒரு வாக்கியம்: 1989-இன் திருத்தம், அதற்கு முன் மணமான பெண்களுக்குப் பொருந்தவில்லை என்பது. சட்டப்பிரிவையே மேற்கோளாகத் தந்ததால் அது நிலைத்தது. ஊக்கம் பெற்று, இதனால் உரிமை இழந்த பெண்களின் மனநிலையைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அரை மணி நேரத்தில் அதை நீக்கிவிட்டு, இது சொந்த ஆய்வு, வெளியான சான்று வேண்டும் என்று ஒருவர் பணிவாகக் குறிப்பு எழுதியிருந்தார். முதலில் வருத்தமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் செய்தது சரிதான். என் அத்தை சொன்னார் என்பதைக் கலைக்களஞ்சியம் ஏற்க முடியாது. அதை ஏற்கும் இடம் வேறு: வாய்மொழி வரலாறு, ஆய்வேடு, இதழ்க் கட்டுரை. அங்கே முதலில் பதிவானால்தான் இங்கே வர முடியும். அதனால் இப்போது எங்கள் தெருவிலும் பக்கத்து ஊர்களிலும், 1989-க்கு முன் மணமான பதினோரு பெண்களிடம், அவர்கள் ஒப்புதலோடு, பேசிப் பதிவுசெய்திருக்கிறேன்.

உங்கள் அத்தை இதைப் பற்றி இப்போது என்ன சொல்கிறார்?

நான் தவறாகச் சொன்னேன் என்பதை அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. சட்டப்பிரிவை அச்செடுத்துக்கொண்டு போய், வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அப்போ ரெண்டரை வருசம் கழிச்சுக் கட்டிக்கொடுத்திருந்தா கெடச்சிருக்கும், அப்படித்தானே?" என்று மட்டும் கேட்டார். அப்படித்தான் என்றேன். அந்தத் தாளை வாங்கி, குடும்ப அட்டை வைக்கும் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். அப்பாவும் அங்கேதான் இருந்தார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவர்களுக்குள் அதன் பிறகு என்ன பேச்சு நடந்தது என்பதை இங்கே எழுதும் உரிமை எனக்கில்லை.

சென்ற மாதம் எதிர்வீட்டு அக்கா, தம் அண்ணன்மார் சொத்தைப் பிரித்துக்கொண்டதாகச் சொல்லி அழுதார். அத்தை அந்த உறையை எடுத்துவந்து தாளை விரித்து, பிரித்தது எந்தத் தேதி, பத்திரம் பதிவானதா என்று கேட்டார். அக்காவுக்குத் தெரியவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு எழுதிப் போடச் சொல்லி, அது கைக்கு வந்ததும் வக்கீலைப் பார்க்கப் போகலாம், தானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். மனு எழுதிக் கொடுத்தது நான். சான்று இன்னும் வரவில்லை.